வாடகை 14,500, இரண்டு சம்பளம் 41,000: கோவையில் ஒரு நர்ஸும் ஒரு வாத்தியாரும் எங்கே குடியிருப்பது?

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மனைவி பீளமேடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ், மொத்தச் சம்பளம் 22,500. நீங்கள் சிங்காநல்லூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு வாத்தியார், 18,500. மசக்காளிபாளையத்தில் மாடி வீடு, வாடகை 11,500. தை மாதத்திலிருந்து 14,500 கொடுங்கள், இல்லையென்றால் காலி பண்ணுங்கள் என்கிறார் ஓனர். அப்படிக் கேட்க அவருக்குச் சட்டத்தில் இடமுண்டா, பேசாமல் ஊருக்கு வெளியே சூலூர்ப் பக்கம் போய்விடலாமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "ரெண்டு பேரும் படிச்சு வேலைக்குப் போயும் கட்டுப்படியாகலைன்னா, நாங்கதான் எங்கியோ கணக்குத் தப்பாப் போடறமோன்னு தோணுது." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கணக்கில் தப்பில்லை. சம்பளம் ஒரு காரணத்தால் நிற்கிறது, வாடகை வேறொரு காரணத்தால் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கோவையில் சின்ன மருத்துவமனைகள், பள்ளிகள், மில்களுக்குச் சம்பளப் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலை பார்த்துக் கொடுக்கிறவன். சம்பளப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். வாடகைச் சட்டம், தொழிலுக்கு வேண்டிய அளவு தெரியும். நான் வக்கீல் இல்லை. விஷயம் நோட்டீஸ் வரை போனால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் விகிதம். 41,000இல் 11,500 என்பது 28 சதவீதம், 14,500 என்றால் 35. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக்கூடாது என்று படித்ததாகச் சொல்கிறீர்கள். அது அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களிடம் எவ்வளவு வாங்கலாம் என்று வைத்த வரம்பு. 1969இல் 25 சதவீதமாக இருந்தது, 1981இல் 30 ஆனது. ஊரில் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பி, நர்சிங் படிப்புக் கடனைக் கட்டி, குழந்தைக்குத் தனியார் பள்ளிக் கட்டணமும் கட்டுகிற குடும்பத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அல்ல அது. 28 சதவீதத்திலேயே உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

மனைவியின் சம்பளச் சீட்டை எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. அடிப்படை 11,000, ஹெச்.ஆர்.ஏ. என்கிற வாடகைப்படி 6,500, கன்வேயன்ஸ் என்கிற பயணப்படி 2,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 3,000. இதைப் பார்த்தால் மருத்துவமனை வீட்டு வாடகைக்கு என்று 6,500 தருவது போலத் தெரியும். அப்படி இல்லை. பேசிய சம்பளம் 22,500. அதைத்தான் துண்டு போட்டிருக்கிறார்கள். பி.எஃப். கணக்கில் ஹெச்.ஆர்.ஏ.வைச் சேர்க்க வேண்டாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அடிப்படை குறைந்தால் நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் குறையும். இப்படிப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று என்னிடமே வந்து கேட்பார்கள். 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதும் ஊதியமாகவே கணக்காகும்.  ஆனால் இதனால் பேசிய சம்பளம் ஏறிவிடாது. மசக்காளிபாளையத்தில் வாடகை 3,000 ஏறினாலும் அந்த 6,500 தானாக ஒரு ரூபாய்கூட ஏறாது என்பதுதான் இதில் முக்கியம்.

மத்திய அரசு வேலையில் இப்படி இல்லை. அங்கே வாடகைப்படி அடிப்படை ஊதியத்தில் சதவீதம். ஊரை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கும் ஒய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் ஒய் ஊருக்கு 20 சதவீதம் ஆனது. ஒரு நர்சிங் ஆபீசரின் தொடக்க அடிப்படை 44,900. வாடகைப்படி மட்டும் 8,980 வரும். மாநில அரசில் சதவீதம் கிடையாது. 2017இல் ஊதியத்தைத் திருத்தியபோது ஊதியத் தட்டு வாரியாக ரூபாயில் ஒரு தொகை வைத்தார்கள். அகவிலைப்படி எத்தனை முறை கூடினாலும் அந்தத் தொகை கூடவே ஏறாது. ஆனாலும் நிரந்தர வேலை, ஊதிய உயர்வு என்று மற்றவை இருக்கின்றன. அதே அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியருக்கு 18,000. அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு 15,000. தனியார் நிர்வாகத்திடம் சம்பளம் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் எனக்கு வருகிற முதல் பதில் இதுதான்: "கவர்மென்ட்டே இவ்வளவுதானுங்க குடுக்குது, நாங்க எங்க போறது?" எரிச்சலாக இருக்கும், ஆனால் மறுத்துப் பேசக் கஷ்டம்.

செவிலியர் சம்பளத்துக்கு நல்ல கணக்கு ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையாகத் தரவேண்டும், 100 முதல் 200 வரை என்றால் 10 சதவீதம் குறைவாக, 50 முதல் 100 வரை 25 சதவீதம் குறைவாக, 50க்குக் கீழே எதுவானாலும் 20,000க்குக் குறையக்கூடாது. இது பரிந்துரை. சட்டமாக்க வேண்டியது மாநிலங்கள். கேரளா 2018இல் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு வழியாக 20,000 என்பதை அடிமட்டமாக்கியது. அப்போதே, வாளையாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம். நம் பக்கத்திலும் மருத்துவமனைகள் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இன்றைய கோவை வாடகையைப் பார்த்துப் போட்ட கூலி இல்லை அது.

உங்கள் நிலைமை இன்னும் மோசம். 1988இல் சுந்தரம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளி ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. 1996இல் ஹரியானாப் பள்ளிகள் சங்கத்தின் வழக்கில் பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்றது. பள்ளி வேனை ஓட்டுகிற டிரைவருக்கு அந்தச் சட்டங்களில் இருந்த பாதுகாப்பு, அந்த வேனில் வருகிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற உங்களுக்கு இருக்கவில்லை. அதனால்தான் தனியார் பள்ளி ஆசிரியரின் உண்மையான சம்பளத்தில் ஒரு பகுதி சாயந்திரம் வீட்டில் எடுக்கும் டியூஷனில் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், சூலூர்க் கணக்கில் திரும்ப வரும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் மனைவி மருத்துவமனை ஹாஸ்டலில்தான் இருந்திருப்பார். பெரும்பாலான நர்ஸுகள் அப்படித்தான். தென் மாவட்டத்திலிருந்தோ கேரளாவிலிருந்தோ வருவார்கள், ஒரு ரூமில் நாலு கட்டில், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிடித்தம். அந்தச் சம்பளம் ஹாஸ்டலில் இருக்கும் தனி ஆளை நினைத்துப் போட்டது. கல்யாணமானதும் கட்டில் போய்விடுகிறது, சம்பளம் மட்டும் அப்படியே இருக்கிறது. பட்டியல் போடுகிற எனக்கு அது சம்பளக் குறைப்பாகத்தான் தெரிகிறது. சீட்டில் மட்டும் தெரியாது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். ரூம் தராவிட்டால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வரமாட்டார்கள் என்று தெரிந்து, கம்பெனியே லைன் வீடுகளை எடுத்து வைத்திருக்கிறது. அதே ஊரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, தனியார் மருத்துவமனைகளும் பெருகின. கல்யாணமான நர்ஸுக்கு வீடு பார்த்துத் தரவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஆள் கிடைத்துக்கொண்டே இருப்பதால்தான்.

இனி வாடகை. ஐ.டி.க்காரர்கள் வந்ததால்தான் ஏறியது என்று எல்லோரும் சொல்வோம். சரவணம்பட்டி, கீரணத்தம், காளப்பட்டி பக்கம் அது உண்மை. பீளமேட்டில் 2010இல் வந்த டைடல் பார்க்கும் சேர்த்தி. ஆனால் மசக்காளிபாளையம், ஹோப் காலேஜ் பக்கம் வேறொன்றும் நடக்கிறது. இரண்டு பெட்ரூம் வீட்டில் ஆளுக்கு 5,000 என்று நாலு பையன்களை வைத்தால் ஓனருக்கு 20,000 வருகிறது. உங்கள் ஓனர் உங்களை ஒரு சாஃப்ட்வேர் குடும்பத்தோடு ஒப்பிடுகிறார் என்று நினைக்காதீர்கள். அந்த நாலு கட்டிலோடு ஒப்பிடுகிறார். அப்புறம் சிறுவாணி அணைக் குடிநீர் வருகிற தெருவுக்கும் போர்வெல் தண்ணீர் மட்டும் உள்ள தெருவுக்கும் எப்போதும் ஒரு விலை வித்தியாசம் உண்டு. டு-லெட் போர்டில் வாடகையை எழுதமாட்டார்கள், 'நல்ல தண்ணீர் வசதி உண்டு' என்பதை மட்டும் மறக்கமாட்டார்கள்.

ஓனரையும் கொஞ்சம் பாருங்கள். சிங்காநல்லூர், வரதராஜபுரம், உப்பிலிபாளையம் பக்கத்து மாடி வீட்டு ஓனர்களில் பலர் பழைய மில் தொழிலாளிகள். மில்லை மூடியபோது வந்த பணத்தில் மூணு சென்ட்டில் கீழே ஒன்று, மேலே இரண்டு என்று கட்டியவர்கள். பி.எஃப்.போடு சேர்ந்த இ.பி.எஸ். பென்ஷனில் குறைந்தபட்சம் 2014இலிருந்து இன்றுவரை மாதம் 1,000 ரூபாய்தான். "எனக்கும் வேற என்னங்க வருமானம்?" என்று அவர் கேட்டால் அது நடிப்பாக இருக்காது. உங்கள் ஓனர் அப்படிப்பட்டவரா, நாலு கட்டடம் வைத்திருப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துப் பேசும் விதம் மாறும்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடக்கிறது. முன்பிருந்த 1960ஆம் வருஷச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. நிலம், கட்டட மதிப்பில் வருஷத்துக்கு 9 சதவீதம் என்று நீதிமன்றத்தில் கணக்குப் போட்டு வாங்கலாம். புதிய சட்டத்தில் அது இல்லை. வாடகை எவ்வளவு என்பது இருவரும் ஒப்புக்கொண்டதுதான். ஆகவே ஒப்பந்தக் காலம் முடிந்தபின் 14,500 கேட்பது சட்டவிரோதம் இல்லை. ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது, அதில் எழுதாத உயர்வைக் கேட்க முடியாது. தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தி நெருக்குவதைச் சட்டம் தடுக்கிறது, வாடகை அதிகாரியிடம் போகலாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம், ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று ஒரு வாலும் அதில் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஊரில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்குகிறார்கள். மிக முக்கியமானது, எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாதம் எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்று இன்னும் நினைக்கிறோம். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால், அதையே காரணமாகக் காட்டி ஓனர் காலி செய்யச் சொல்லி மனுப்போட முடியும். உங்களிடம் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. பழைய நியாய வாடகை முறை திரும்ப வந்தால் எல்லாம் சரியாகும் என்று இதே கேள்விக்குக் கீழே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வழக்குக்குப் பயந்து வீட்டைப் பூட்டி வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், முப்பது வருஷம் சொற்ப வாடகையில் குடியிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பவருக்கு நல்லது, புதிதாக வீடு தேடி வருகிற நர்ஸுக்கு நல்லதா என்பது சந்தேகம். அவிநாசி ரோட்டில் கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்களே, அதனால் வெளியே குடிபோவது சுலபமாகி ஊருக்குள் வாடகை இறங்குமா? மேம்பாலத்தைத் தாண்டி நீலாம்பூர்ப் பக்கம் வாடகை ஏறுவதுதான் முதலில் நடக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான்.

சரி, சூலூர். அங்கே இதே மாதிரி வீடு 9,500க்குக் கிடைக்கிறது என்கிறீர்கள். 14,500 கொடுப்பதோடு ஒப்பிட்டால் 5,000 மிச்சம். மனைவிக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் சாயந்திர ஷிஃப்ட் முடிந்து, கையெழுத்துப் போட்டு, ஹேண்டோவர் கொடுத்து வெளியே வர எட்டரை ஆகும். அதற்குமேல் ஹோப் காலேஜில் ஒரு பஸ், சிங்காநல்லூரில் இன்னொரு பஸ். நடைமுறையில் நீங்கள்தான் பைக்கில் போய்க் கூட்டிவருவீர்கள். உங்கள் பள்ளிப் பயணம், அவரைக் கூட்டிவருவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 26 நாளில் 936 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்தால் 21 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். 2,100 போய்விட்டது. டயர், சர்வீஸ் தனி. மிஞ்சுவது மூவாயிரத்துக்கும் கீழே. இப்போது உங்களிடம் டியூஷன் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆறு பேர் வந்து ஆளுக்கு 500 கொடுத்தால் அதுவே 3,000. அந்தப் பிள்ளைகள் சூலூருக்கு வரமாட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்க வேண்டியவர் கூடுதலாக ஒரு மணி நேரம் பஸ்ஸில் நிற்பதற்கு நான் விலை போடவில்லை, அதை அவரிடமே கேளுங்கள்.

அதனால் என் கருத்து: 14,500க்கும் சூலூருக்கும் நடுவில் பேச இடம் இருக்கிறது. ஓனரிடம் 12,500க்குத் தொடங்கி 13,000 வரை போங்கள். அதற்குப் பதிலாக மூன்று வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 5 சதவீதம் உயர்வு என்று எழுதிப் பதிவு செய்யக் கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்பதால் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும், செலவைப் பாதிப் பாதி பேசிக்கொள்ளுங்கள். வயதான ஓனருக்கு நாலு பையன்களின் தொல்லையைவிட மாதம் முதல் தேதி தவறாமல் வருகிற வாடகை பெரிது. சப்-மீட்டரையும் பார்த்துவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று வீட்டுக்கும் ஒரே இணைப்பு இருந்து, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று அவர் வாங்கிக்கொண்டிருந்தால், அந்த வித்தியாசமும் நீங்கள் கொடுக்கிற வாடகைதான். பேரத்தில் அதையும் வையுங்கள்.

மருத்துவமனையில் சம்பளத்தை ஏற்றுங்கள் என்று கேட்டால் எல்லா நர்ஸுக்கும் ஏற்ற வேண்டியிருக்கும், எனவே இழுப்பார்கள். கல்யாணமானவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, மருத்துவமனையே பக்கத்தில் மூன்று நாலு வீட்டை மொத்தமாக எடுத்துக் குறைந்த வாடகைக்குத் தரட்டும், இல்லையென்றால் இரவு ஷிஃப்ட்டுக்கு வேன் விடட்டும் என்று கேளுங்கள். நிர்வாகத்துக்கு இது நலச் செலவு, ஒப்புக்கொள்ள மனம் சுலபமாக வரும். பயிற்சி கொடுத்த நர்ஸ் வேலையை விட்டுப் போனால் ஐ.சி.யூ.வில் புது ஆளைப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000க்குள் என்பதால் பள்ளியில் இ.எஸ்.ஐ. போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கலாம், அந்தச் செலவு மிஞ்சும்.

ஒப்பந்தத் தேதியில் ஒன்று கவனியுங்கள். தை பிறந்ததும் ஊரே வீடு மாறும், ஓனர் கை ஓங்கியிருக்கும். ஆடியில் நம் பக்கம் யாரும் புது வீட்டுக்குப் பால் காய்ச்சமாட்டார்கள். ஆகவே ஒப்பந்தம் ஆனி கடைசியில் முடிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வாடகை பேசும்போது, நீங்கள் காலி செய்தால் வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும் என்பது அவருக்கும் நினைவில் இருக்கும்.